ஜியானிடம் யாரும் கேட்கவில்லை

கீலுங் துறைமுகத்தைப் பார்த்தாற்போல் மேட்டில் இருந்த அந்த ஆஸ்பத்திரியில், வயதான நோயாளிகளுக்கு நர்ஸ் ருய்ஜென் என்றால் உயிர். சிறுநீர்ப் பாதைப் பிரிவில் டாக்டர் ஃபாங் ஒருவருக்கு ஆபரேஷன் என்று சொல்லிவிட்டால், அவரைப் பக்கத்து அறையில் உட்காரவைத்து, எதை எடுப்பார்கள், எங்கே குழாய் போடுவார்கள், வீட்டுக்குப் போனபின் உடம்பு என்னென்ன படுத்தும் என்று பயம் தெளியச் சொல்வது அவள் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டாச்சா தாத்தா? சமத்தா மாத்திரை போட்டுக்கிட்டீங்களா?" என்றுதான் ஆரம்பிப்பாள். குணமாகிப் போனவர்கள் அன்னாசி கேக்கும் மீன் உருண்டையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். முதியோரை எப்படி மதிக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி வருஷாவருஷம் நடத்தும் வகுப்பில் பாடம் எடுக்கவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அதனாலேயே, ஜியான் விஷயம் தெரிந்த அன்று அவளுக்கு முதலில் வந்தது வருத்தம்கூட இல்லை, திகைப்பு. நானா, என்று.

ஜியான் முதலில் வந்தது கோடை மழை நாளில். எழுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்து பல வருஷமாயிற்று, ஒரே மகன் தெற்கே காவ்ஷியுங் நகரத்தில் இருந்தான். தலைமுடியைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, லேசாக வாசனைத் தைலமும் பூசிக்கொண்டு வந்திருந்தார்.

"என்ன தாத்தா, மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கீங்க!" என்றாள் ருய்ஜென்.

அவர் முகம் பளிச்சென்று மலர்ந்தது. பக்கத்தில் அவருடைய குடையையும் காகிதப் பையையும் பிடித்துக்கொண்டு ஓர் அம்மாள் நின்றாள். அறுபத்தைந்து இருக்கும். கத்தரித்த முடி, வெள்ளை விளையாட்டுக் காலணி.

"நீங்க தாத்தாவோட தங்கச்சியா?"

அந்த அம்மாள் ஜியானைப் பார்த்தாள். ஜியான் தரையில் சொட்டும் குடையைப் பார்த்தார்.

"தெரிஞ்சவங்க," என்றாள் அவள். "பூங்காவுல காலையில ஒண்ணா பாடுவோம். எம்பேரு ஷியூயுன்."

"ரொம்ப நல்லது. இந்த வயசுல ஆஸ்பத்திரிக்குக் கூட வர ஒரு ஆள் இருக்கறதே பெரிய விஷயம்."

"ஆம்பளைங்க சமாசாரம். நான் வெளியில உக்காந்திருக்கேன்," என்று ஷியூயுன் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

டாக்டர் ஃபாங் ஏற்கெனவே எல்லாம் பேசி முடித்திருந்தார். ஜியானின் புராஸ்டேட் சுரப்பியில் இருந்தது சின்னக் கட்டி. வெளியே பரவவில்லை. ஆபரேஷன் செய்து சுற்றியுள்ள சதையோடு சுத்தமாக எடுத்துவிட்டால் நிம்மதி என்று டாக்டர் சொன்னார், ஜியான் தலையாட்டினார். மிச்சம் ருய்ஜெனின் பொறுப்பு.

அன்று அவளோடு ஸியிங் என்ற மாணவி இருந்தாள். நர்ஸிங் கல்லூரியில் கடைசி வருஷம். நோயாளிக்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகப் பாடம் செய்து வைத்திருந்த பெண். ருய்ஜென் குழாயைப் பற்றிச் சொன்னாள். சில மாதம் சிறுநீர் கசியும், அதற்கு உள்ளாடையில் பஞ்சுப் பட்டை வைத்துக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை என்றாள். அடிவயிற்றை இறுக்கித் தளர்த்தும் பயிற்சியை உட்கார்ந்தபடியே செய்து காட்டினாள். ஜியான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கவனமாகப் பார்த்தார்.

"அக்கா, அடுத்தது தாம்பத்தியம் பத்தி..." என்று ஸியிங் மெதுவாக எடுத்துக்கொடுத்தாள்.

ருய்ஜென் சிரித்துவிட்டாள். பொல்லாத சிரிப்பு இல்லை. வீட்டில் குழந்தை ஏதாவது உளறினால் சிரிப்போமே, அப்படி.

"அடி இவளே! தாத்தாவுக்கு எழுபத்து மூணு. அந்தக் கடைய எப்பவோ சாத்திட்டு சாவியக் கடல்ல வீசியிருப்பாரு. இல்லையா தாத்தா?"

ஜியானின் காது மடல்கள் சிவந்தன. அவரும் சிரித்தார். பேத்தி வயதுப் பெண் எதிரே நிற்கும்போது ஒரு மனிதன் வேறு என்ன செய்வான்? ருய்ஜென் அந்தச் சிரிப்பை 'ஆமாம்' என்று எடுத்துக்கொண்டாள்.

"ஏழாம் மாசம் பொறக்கறதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடணும், நர்ஸம்மா," என்றார் அவர்.

"சந்திரக் கணக்குல ஏழாம் மாசம் பேய் மாசம், கத்தி வைக்கக் கூடாதுன்னு பயமா? அதெல்லாம் முன்னாடியே முடிச்சிடலாம்."

"அதுக்கும்தான். எட்டாம் மாசம் எனக்கு வேற ஒரு வேலை இருக்கு."

என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. கையெழுத்துப் போடும்போது பேனாவை நிறுத்தி, "நர்ஸம்மா, ஒண்ணு கேக்கணும்..." என்று இழுத்தார்.

"கசிவைப் பத்தித்தானே? எல்லாருக்கும் அந்த பயம்தான். போகப் போக நின்னுடும். நான் இருக்கேன்ல?"

அவர் கையெழுத்துப் போட்டார். வெளியே போனதும் ருய்ஜென் ஸியிங்கின் தோளைத் தட்டி, "பாடத்துல இருக்கறத எல்லாம் எல்லார்கிட்டயும் ஒப்பிக்கக் கூடாது. வயசானவங்களக் கூச்சப்பட வைக்காம இருக்கறதும் ஒரு மரியாதைதான்," என்றாள். ஸியிங் தலையாட்டினாள்.

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. சொன்ன பேச்சு கேட்கும் நோயாளி ஜியான். ஒருநாள் விடாமல் பயிற்சி செய்தார், நடந்தார். இலையுதிர்காலம் முடிவதற்குள் கசிவு நின்றுவிட்டது. ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து டாக்டர் ஃபாங், "இதுக்கு மேல நல்லா இருக்க முடியாது," என்று கையைக் குலுக்கினார். அன்று அவர் தனியாக வந்திருந்தார். சட்டை கசங்கியிருந்தது.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தவர் போகவில்லை. மற்றவர்கள் போகட்டும் என்று நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். ருய்ஜென் காலியானதும் எழுந்து வந்து, "உள்ள வரலாமா? நீங்க மட்டும்," என்றார்.

கதவைச் சாத்தினாள்.

"அது எப்போ திரும்ப வரும்?" என்று கேட்டார்.

"எது தாத்தா? கேன்சரா? அதெல்லாம் வராது."

"கேன்சர் இல்ல." அவர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆம்பளைக்கு உள்ளது. ஆபரேஷன் ஆனதுலேர்ந்து செத்த மாதிரி கெடக்கு. கசிவு நிக்கற மாதிரி இதுவும் தானா சரியாகும்னு பாத்தேன். ஆகல."

 கடை, சாவி, கடல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ருய்ஜெனின் நினைவுக்கு வந்தன. "கொஞ்சம் இருங்க," என்று சொல்லிவிட்டு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

டாக்டர் ஃபாங் கண்ணாடியைக் கழற்றினார். "அவரா கேட்டார்? எழுபத்து மூணு வயசுல?"

"ஆமா. வருமா?"

"வராது. அதுக்கான ரெண்டு பக்க நரம்பையும் சேர்த்துத்தான் எடுத்தேன்."

"விட்டு வச்சிருக்க முடியுமா?"

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "கட்டி இடது பக்கம். வலது பக்க நரம்ப விட்டிருக்கலாம். விட்டாலும் உறுதி கிடையாது. கதிர் சிகிச்சைன்னு இன்னொரு வழியும் இருந்துச்சு. அம்பது வயசு ஆளா இருந்தா இதையெல்லாம் ஒக்காந்து பேசியிருப்பேன்." சற்று நிறுத்தி, "நீ அவர்கிட்ட கேக்கலியா?" என்றார்.

"நீங்க கேட்டீங்களா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஜியானுக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரத்தில் ஒரு வங்கி அதிகாரி வந்திருந்தது ருய்ஜெனுக்கு நினைவு வந்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. மனைவியையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, இந்த ஒரு விஷயத்தையே அரை மணி நேரம் எடுத்துச் சொன்னாள். படம்கூட வரைந்து காட்டினாள். இவரிடம் சொல், அவரிடம் சொல்லாதே என்று யாரும் அவளுக்கு உத்தரவு போடவில்லை. அவளும் அப்படி ஒரு முடிவு எடுத்ததாக நினைவில்லை. எடுக்காமலே எடுத்த முடிவு அது.

அறைக்குத் திரும்பி, ஜியான் எதிரே உட்கார்ந்து உள்ளது உள்ளபடி சொன்னாள். இனித் தானாக வராது என்றாள். வேறு வழிகள் இருந்தன, அவற்றைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்றாள். எழுந்து நின்று தலை குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை.

"ரெண்டு வழி இருந்துச்சா?" என்றார்.

"இருந்துச்சு."

"உசுருதான் முக்கியம், வெட்டி எடுங்கன்னு நானேகூட சொல்லியிருப்பேன், நர்ஸம்மா. கிரேன் மேல நாப்பது வருஷம் ஒக்காந்தவன், எனக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆனா அத நான் சொல்லியிருப்பேன்."

பிறகுதான் எட்டாம் மாதத்து வேலை என்னவென்று சொன்னார். அன்று குடை பிடித்து வந்த ஷியூயுனைக் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தது. நிலாத் திருவிழா முடிந்ததும் பதிவு செய்துவிட்டு, பாட்டுக் குழுவுக்கு இரண்டு மேசை விருந்து. ஆபரேஷன் ஆன உடம்பு, கொஞ்சம் தேறட்டும் என்று அவர்தான் தள்ளிப் போட்டார். இப்போது பூங்காவுக்கே போவதில்லை.

"அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"என்னன்னு சொல்றது? கல்யாணம் பண்ணிக்கலாம், ஆனா நான் பாதி ஆளுன்னா?"

ஊசி மருந்து இருக்கிறது, வேறு கருவிகள் இருக்கின்றன என்று அவள் அவசர அவசரமாக அடுக்கினாள். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார். "அன்னிக்கி இவ்வளவு சொல்லியிருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்," என்று சொல்லிவிட்டு எழுந்தார். அதில் குத்தல் இல்லை. அதுதான் அவளை ராத்திரியெல்லாம் தூங்கவிடவில்லை.

டாக்டர் ஃபாங் பிறகு அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டார் என்பது உண்மை. 'உயிரக் காப்பாத்தியாச்சு' என்ற வார்த்தையை அதற்குள் நாலு தரம் சொன்னார் என்பதும் உண்மை.

குளிர்காலத்தில், சந்திரப் புத்தாண்டுக்கு முந்தைய வாரம், ஷியூயுன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நடைபாதையில் ருய்ஜெனை மறித்து, "நீங்கதானே அந்த நர்ஸு? ஒரு நிமிஷம் பேசணும்," என்றாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. இருவரும் குடிநீர் இயந்திரத்தின் பக்கம் ஒதுங்கினார்கள்.

"ஜியானுக்கு என்ன ஆச்சு? ஃபோன் பண்ணா எடுக்கறதில்ல. வீட்டுக்குப் போனா கதவிடுக்குல நின்னு பேசி அனுப்பிடறாரு. கல்யாணத்த மறந்துடும்மாங்கறாரு. கேன்சர் திரும்ப வந்துடுச்சா? சாகப் போறாரா? அத மறைக்கத்தான் என்ன வெரட்டறாரா?"

"அம்மா, நோயாளி விஷயத்த நான் வெளியில சொல்லக் கூடாது."

"வெளியிலன்னா? நான் யாரு?" ஷியூயுனின் குரல் உடைந்தது. "ஆமா, நான் யாருமில்லதான். அன்னிக்கி தங்கச்சியான்னு கேட்டீங்களே, அப்பவே கட்டிக்கப் போறவன்னு சொல்லியிருக்கணும். இந்த வயசுல அத எப்படி வாய விட்டுச் சொல்றதுன்னு கூசிப் போயிட்டேன். உள்ளயும் வரல. சொல்லியிருந்தா இன்னிக்கி என்கிட்ட பேசியிருப்பீங்க, இல்ல?"

ருய்ஜெனால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மனிதன் சாகப் போகிறான் என்று நினைத்து இந்த அம்மாள் எத்தனை நாளாகத் தூங்காமல் இருக்கிறாளோ. ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொன்னால் என்ன?

"பயப்படாதீங்க," என்றாள். "அவர் நல்லா இருக்கார்."

ஷியூயுன் அவளையே பார்த்தாள். கண்ணில் முதலில் வந்தது நிம்மதிதான். அது மெல்ல வடிந்தது.

"நல்லாத்தான் இருக்காரா?"

"ஆமா."

"நோய் ஒண்ணுமில்லையா?"

ருய்ஜென் குடிநீர் இயந்திரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அப்ப சரி," என்றாள் ஷியூயுன். மழைக்கோட்டின் பொத்தான்களை மேலிருந்து கீழ் வரை போட்டுக்கொண்டாள். "நல்லா இருக்கற மனுஷன் வேணாங்கறாருன்னா, வேணாம்னுதானே அர்த்தம். நான்தான் லூசு மாதிரி சூப்பு வச்சு எடுத்துக்கிட்டு அலையறேன்."

அவள் மின்தூக்கிக்குள் போய் மறைந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது ருய்ஜெனுக்கு உறைத்தது. அன்று சொல்லாமல் ஒரு பிழை. இன்று சொல்லி ஒரு பிழை. வாசல்வரை ஓடினாள். பேருந்து நிறுத்தத்தில் குடைகள்தான் தெரிந்தன.

அன்று மாலையே ஜியானுக்குத் தொலைபேசினாள். நடந்ததைச் சொல்லி, "நீங்களே போய் அவங்ககிட்ட பேசுங்க, தயவு செஞ்சு. அவங்க வேற மாதிரி நெனச்சிட்டுப் போயிட்டாங்க," என்று கெஞ்சினாள்.

மறுமுனையில் தொலைக்காட்சிச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "நீங்க பொய் சொல்லலியே, நர்ஸம்மா. நல்லாத்தானே இருக்கேன்," என்றார். வைத்துவிட்டார்.

வசந்தத்தில் ஸியிங் படிப்பை முடித்து அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி. நோயாளிகளிடம் கையைப் பிடித்துக்கொண்டு பேசக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் பக்கத்து அறைக் கதவு சற்றுத் திறந்திருந்தது. உள்ளே ஒரு முதியவரும் அவர் மனைவியும். ஸியிங்கின் குரல் கேட்டது.

"இன்னொரு விஷயம் இருக்கு, ஆனா அது உங்களுக்குத் தேவைப்படாது தாத்தா. அந்தக் கடைய எப்பவோ சாத்தியிருப்பீங்க, சரிதானே?"

அச்சு அசல் ருய்ஜெனின் சிரிப்பு. ஏற்ற இறக்கம்கூட மாறவில்லை.

ருய்ஜென் உள்ளே போனாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "மன்னிக்கணும், ஷென் சார்," என்று அவரைப் பெயர் சொல்லி அழைத்தாள். "அத நாங்க முடிவு பண்ணக் கூடாது. நான் சொல்றேன், நீங்க ரெண்டு பேரும் கேட்டுட்டு, உங்களுக்கு வேணுமா வேணாமான்னு நீங்க சொல்லுங்க." அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். "நீங்க பாட்டுக்கு வேணாம்னா? சொல்லட்டும் இருங்க," என்றாள் மனைவி. ருய்ஜென் எல்லாவற்றையும் சொன்னாள். குரல் இரண்டு இடத்தில் தடுமாறியது.

அவர்கள் போனபின் ஸியிங் கண் கலங்கி நின்றாள். "அக்கா, நான் தப்பா சொல்லிட்டேனா? நீங்க சொன்ன மாதிரிதானே சொன்னேன்?"

"ஆமா. நான் சொன்ன மாதிரிதான் சொன்னே," என்றாள் ருய்ஜென். ஜியான் பெயரைச் சொல்லாமல் நடந்ததைச் சொன்னாள். ஸியிங் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "அவருக்கு முன்னாடி வந்தவங்க?" என்றாள்.

ருய்ஜென் மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள். எத்தனை பேரிடம் இதே கேலியைச் சொல்லியிருப்பாள்? எல்லாரும் சிரித்தார்கள் என்பது மட்டும் நினைவில் இருந்தது. அவர்களில் யார் வீட்டுக்குப் போய் எதை நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்களோ, அவள் எந்த ஜென்மத்தில் தெரிந்துகொள்ளப் போகிறாள்? அந்த வருஷம் முதியோர் வகுப்புக்குக் கூப்பிட்டபோது, வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

மறுபடி கோடை வந்தது. ஜியான் பரிசோதனைக்கு வந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார், ஆனால் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். டாக்டர் பார்த்து முடித்ததும் ருய்ஜென் அறைக்குள் வந்து, அவள் கேட்பதற்கு முன்பே சொல்லத் தொடங்கினார்.

"போய்ச் சொன்னேன், நர்ஸம்மா. புத்தாண்டு முடிஞ்சு ஒருநாள் பூங்காவுக்குப் போனேன். அவ இல்ல. தைசுங்ல மக வீட்டுக்குப் போயிட்டாளாம். மகளுக்குக் கொழந்த பொறந்திருக்கு, ரொம்ப நாளா வா வான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களாம். எனக்காகத்தான் போகாம இருந்திருக்கா. இங்க ஒண்ணுமில்லன்னு ஆனதும் வீட்டக் காலி பண்ணிட்டுப் போயிட்டா."

"அப்புறம்?"

"ரயில் ஏறிப் போனேன். அவ மக வீட்டுக்குக் கீழ ஒரு பெஞ்சு. கொழந்தைய வண்டியில வச்சுக்கிட்டு ஒக்காந்திருந்தா. எல்லாத்தையும் சொன்னேன். எழுபத்து நாலு வயசு வரைக்கும் வாழ்ந்து இந்த மாதிரி ஒரு பேச்சு எவன் பேசியிருப்பான்!" லேசாகச் சிரித்தார். "திட்டினா. கொழந்த முழிச்சிக்கிட்டு அழற அளவுக்குத் திட்டினா. 'எனக்கு என்ன வேணும்னு என்ன ஒரு வார்த்தை கேட்டியாய்யா? உன்ன அவங்க கேக்கலன்னு அழறியே, நீ என்னக் கேட்டியா?'ன்னா. அப்புறம் ரெண்டு பேருமா அழுதோம்."

"இப்போ கல்யாணம்..."

அவர் இல்லை என்று தலையசைத்தார். "மக வேலைக்குப் போறா. கொழந்த இவளத் தவிர யார்கிட்டயும் தூங்கறதில்ல. இனிமே எப்படி விட்டுட்டு வருவா? ஆறு மாசம் முன்னாடி சொல்லியிருந்தா இங்கயே இருந்திருப்பேன்னா. அது உண்மைதான். மாசத்துல ஒரு சனிக்கிழமை நான் போறேன். பூங்காவுல ஒக்காந்து பேசுவோம். மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிட்டுட்டு ரயில் ஏறிடுவேன். அவ மக என்னக் 'கீலுங் மாமா'ன்னு கூப்பிடறா. நல்ல பொண்ணு."

ருய்ஜென் அவருடைய கோப்பை மூடி வைத்தாள். மன்னிப்பு ஏற்கெனவே கேட்டாயிற்று. இன்னொரு தரம் கேட்டால் அது தன் மனச்சுமையை அவர் தோளில் ஏற்றுவதாக ஆகும் என்று தோன்றியது.

"ஜியான் சார், மருந்து, ஊசி பத்தி யோசிச்சீங்களா? டாக்டர்கிட்ட நேரம் வாங்கித் தரட்டுமா?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார்.

"வேணாம்," என்றார். "மாசம் ஒரு மத்தியானத்துக்கு எதுக்கு அதெல்லாம்? அவ கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கறதே போதும்னு இருக்கு." பிறகு கதவருகே நின்று, "எல்லா நாளும் அவகூட இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பேனோ, தெரியல," என்றார்.

சனிக்கிழமை வராமல் பார்த்து, அடுத்த பரிசோதனையை ஒரு செவ்வாய்க்கிழமைக்குப் போட்டுக் கொடுத்தாள். அவர் தேதியை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, படி இறங்கிப் போனார்.